மன்னரின் பதவி கிட்டவில்லை. மக்களின் மெட்டு கைவிடவில்லை: கிறிஸ்துமஸ் இசை தந்த ஷார்பான்டியே

கிறிஸ்துமஸ் காலத்தில் ஒலிக்கும் பாடல்களில் பலவற்றை யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்று எவருக்கும் தெரியாது. பாட்டியிடமிருந்து பேத்திக்கு, ஊரிலிருந்து ஊருக்கு என்று வாய்வழியாகவே வாழ்ந்து வந்த பாடல்கள் அவை.

அப்படிப்பட்ட எளிய மக்களின் பாடல்களை ஏறத்தாழ 330 ஆண்டுகளுக்கு முன்னர் பாரிஸ் நகரின் ஒரு பெரிய தேவாலயத்துக்குள் கொண்டுவந்து, நள்ளிரவுத் திருப்பலியின் பெரும்பகுதியை அவற்றின் மெட்டிலேயே பாடவைத்தார் ஓர் இசையமைப்பாளர்.

அவர் பெயர் மார்க் ஆந்த்வான் ஷார்பான்டியே. பிரெஞ்சு பரோக் இசையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக இன்று போற்றப்படுபவர். ஆனால், வாழ்ந்த காலத்தில் அரண்மனையின் தலைமை இசைப் பதவி எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. மறைந்த பிறகு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அவரை உலகம் மறந்தே போயிருந்தது.

எழுத்தரின் மகன்

ஷார்பான்டியே 1643ஆம் ஆண்டில் பாரிஸ் வட்டாரத்தில் பிறந்தார். அவர் 1634இல் பிறந்தவர் என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதிவந்தனர். 20ஆம் நூற்றாண்டில் பழைய ஆவணங்களைத் துருவிய ஆய்வாளர்களே அந்தப் பிழையைத் திருத்தினர்.

தந்தை லூயி, கையெழுத்துப் படிகள் எழுதித் தரும் தேர்ந்த எழுத்தர். பாரிஸ் உயர்நீதி மன்றத்தினருடன் நல்ல தொடர்பு உடையவர். மகனும் முதலில் சட்டம் படிக்கத்தான் சேர்ந்தார். ஒரு பருவம் முடிந்ததுமே அதை விட்டுவிட்டார்.

தந்தையின் தொழிலை அவர் தொடரவில்லை என்றாலும், அந்தக் குடும்பத்துப் பழக்கம் ஒன்று மட்டும் அவருடன் நின்றது. எழுதியதைத் தூக்கி எறியாமல், வரிசை தவறாமல் சேர்த்து வைக்கும் பழக்கம் அது. பின்னாளில் அவரது இசையைக் காப்பாற்றியது அந்தப் பழக்கமே.

ரோம் தந்த காது

1660களின் பிற்பகுதியில், இருபது வயதைத் தாண்டிய இளைஞராக ஷார்பான்டியே ரோம் சென்றார். ஓவியம் கற்கப் போன இடத்தில் இசையில் மயங்கினார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. அங்கே அவர் ஜாக்கோமோ கரிஸ்ஸிமியிடம் இசை பயின்றார் என்பது உறுதி.

இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் இசைத் தலைவராக இருந்தவர் கரிஸ்ஸிமி. மேடை அலங்காரமோ நடிப்போ இல்லாமல், பாட்டினால் மட்டுமே விவிலியக் கதையைக் கண்முன் நிறுத்தும் 'ஒரத்தோரியோ' என்னும் வடிவத்தில் பெயர் பெற்றவர்.

குரல்களை ஒன்றோடொன்று உரசவைத்து, கேட்பவர் நெஞ்சில் ஒரு வலியை உண்டாக்கி, பின்னர் அதை மெல்லத் தணிக்கும் இத்தாலியக் கலையை ஷார்பான்டியே அங்கே கற்றார்.

1670ஆம் ஆண்டுவாக்கில் அவர் பாரிஸ் திரும்பினார். கற்ற கலையோடு சேர்த்து ஒரு பட்டப் பெயரும் அவருடன் வந்தது. பிரெஞ்சுக்காரராக இருந்துகொண்டு இத்தாலிய பாணியில் எழுதுபவர் என்பதே அது. அந்தப் பெயரைப் புகழாகச் சொன்னவர்களும் உண்டு, குறையாகச் சொன்னவர்களும் உண்டு.

அடைக்கலம் தந்த சீமாட்டி

பாரிஸில் அவருக்கு இடம் கொடுத்தவர் மேரி டி லொரேன் என்ற கீஸ் குடும்பச் சீமாட்டி. பெரும் செல்வமும் ஆழ்ந்த இறைப்பற்றும் கொண்டவர். மாரே வட்டாரத்தில் இருந்த அவரது மாளிகை இருந்த இடத்தில்தான் இன்று பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகம் உள்ளது.

அந்த மாளிகையிலேயே ஷார்பான்டியே தங்கினார். 17 ஆண்டுகளுக்கு மேல் சீமாட்டியின் இசைக் குழுவுக்காக எழுதினார். எழுதியதோடு நிற்காமல் அவரும் ஒருவராக நின்று பாடினார். உயர்ந்த சுருதியில் பாடும் ஆண் குரல் அவருடையது. இசைக் குறிப்புகளில் யார் எந்தப் பகுதியைப் பாட வேண்டும் என்று எழுதும்போது தம் பெயரையும் சுருக்கி ஓரத்தில் எழுதிவைத்தார்.

கிறிஸ்து பிறப்பைச் சொல்லும் இசை நாடகங்களும் அந்த மாளிகைக்காகப் பிறந்தன. அவற்றில் முதலில் முன்னே வருபவர்கள் மன்னர்கள் அல்ல, ஆட்டிடையர்கள். இரவில் வயல்வெளியில் குளிரில் கிடக்கும் அவர்களின் அச்சமும் வியப்பும்தான் அந்த இசையின் மையம்.

மோலியேருடன் ஒரு குறுகிய காலம்

அந்தக் காலத்தில் பிரெஞ்சு இசை உலகைத் தன் கைக்குள் வைத்திருந்தவர் ழான் பத்தீஸ்த் லூலி. மன்னர் 14ஆம் லூயியின் முழு நம்பிக்கையைப் பெற்றவர். 1672இல் ஓபரா நடத்தும் உரிமையைத் தமக்கு மட்டுமே உரியதாக மன்னரிடமிருந்து பெற்றுக்கொண்டார்.

லூலி பிறந்தது இத்தாலியின் புளோரன்ஸ் நகரில். அவரே பிரெஞ்சு பாணியின் காவலராக விளங்கினார். பாரிஸ் மண்ணின் மைந்தரான ஷார்பான்டியேயோ இத்தாலியரைப் போல எழுதுபவர் என்று பேசப்பட்டார்.

நாடகமேதை மோலியேர் அதுவரை லூலியுடன்தான் இணைந்து பணியாற்றிவந்தார். உரிமைப் பிரச்சினையில் இருவருக்கும் முறிவு ஏற்பட்டது. மோலியேர் புதிய இசையமைப்பாளரைத் தேடினார். கிடைத்தவர் ஷார்பான்டியே.

இருவரும் சேர்ந்து உருவாக்கிய பெரிய படைப்பு, தனக்கு நோய் என்று கற்பனை செய்துகொள்பவனைப் பற்றிய நகைச்சுவை நாடகம். 1673 பிப்ரவரி 10ஆம் தேதி அது அரங்கேறியது. ஒரு வாரம்தான் ஆனது. நான்காவது காட்சியில் நடித்துக்கொண்டிருந்தபோது மோலியேர் உண்மையாகவே நோய்வாய்ப்பட்டார். பிப்ரவரி 17ஆம் தேதி அன்றிரவே வீட்டில் உயிர் நீத்தார்.

அடுத்த அடியும் விரைவில் விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் லூலியின் வேண்டுகோளுக்கு இணங்க அரச ஆணை ஒன்று வந்தது. நாடகக் குழுக்கள் இரண்டு பாடகர்களையும் ஆறு வயலின் கலைஞர்களையும் தவிர அதிகம் பேரைப் பயன்படுத்தக்கூடாது என்றது அந்த ஆணை.

பெரிய குழுவுக்காக எழுதிய இசையை ஷார்பான்டியே வெட்டிச் சுருக்கி மீண்டும் எழுதினார். தடையோடு கூடிய வடிவம் என்று தம் குறிப்பேட்டில் தலைப்பும் எழுதிவைத்தார். மோலியேரின் குழுவைக் கைவிடாமல் அதன் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் அந்த நாடகக்காரர்களுக்காக எழுதிவந்தார்.

கைநழுவிய வாய்ப்பு

1680ஆம் ஆண்டுவாக்கில் மன்னரின் மூத்த மகன், பட்டத்து இளவரசர், தம் வழிபாட்டுக்கு ஷார்பான்டியேயின் இசையை விரும்பிக் கேட்டார். 1681இல் செயின் குளூ அரண்மனையில் தங்கியிருந்த மன்னர், தம் சொந்த இசைக் குழுவை ஒதுக்கி வைத்துவிட்டு, மகனின் வழிபாட்டு இசையையே நாள்தோறும் கேட்டார் என்று அக்காலச் செய்தி இதழ் எழுதியது.

1683இல் அரண்மனை ஆலயத்தின் இசைத் தலைவர் பதவிகளுக்குப் பெரிய போட்டி நடந்தது. ஆண்டை நான்கு காலாண்டுகளாகப் பிரித்து, நால்வர் தேர்ந்தெடுக்கப்பட இருந்தனர். ஷார்பான்டியே முதல் சுற்றில் தேறினார்.

இரண்டாம் சுற்றில் போட்டியாளர்களைத் தனியே அடைத்துவைத்து, கொடுக்கப்பட்ட திருப்பாடலுக்கு இசை எழுதச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து ஷார்பான்டியே நோயில் விழுந்தார். போட்டியிலிருந்து விலக வேண்டியதாயிற்று.

பதவி நால்வருக்குப் போனது. மன்னர் அவருக்கு ஓர் ஓய்வூதியம் வழங்கினார். அது மதிப்பின் அடையாளம்தான். ஆனால், அந்த வாய்ப்பு மறுபடி வரவில்லை. அப்போது அவருக்கு வயது 40.

1687இல் லூலி இறந்தார். இசையை நடத்தும்போது தாளம் தட்டிய கோலைத் தம் காலிலேயே இடித்துக்கொண்டு, புண் புரையோடி அவர் மாண்டது பலரும் அறிந்த கதை. அடுத்த ஆண்டு கீஸ் சீமாட்டியும் காலமானார். ஒரு பக்கம் தடை விலகியது. மறுபக்கம் அடைக்கலம் போனது.

'நொவெல்' என்னும் மக்கள் பாட்டு

அதன் பிறகு அவரை ஏற்றுக்கொண்டவர்கள் இயேசு சபையார். பாரிஸில் அவர்களின் செயின் லூயி தேவாலயத்தில் அவர் இசைத் தலைவரானார். பெரும் கூட்டம் கூடும் ஆலயம் அது. ஓபரா பாடகர்களும் அங்கே வந்து பாடினர். செயின் போல் செயின் லூயி என்ற பெயரில் அந்தக் கட்டடம் இன்றும் மாரே வட்டாரத்தில் நிற்கிறது.

அங்கேதான் அவரது கிறிஸ்துமஸ் இசை முழுமை பெற்றது. அதைப் புரிந்துகொள்ள 'நொவெல்' என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிரெஞ்சு மொழியில் நொவெல் என்றால் கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் அதே பெயர். சிறிய மெட்டு, எளிய சொற்கள், நீண்ட கதை, பல சரணங்கள். ஒருமுறை கேட்டாலே யாரும் கூடப் பாடலாம்.

பல நொவெல் பாடல்களின் மெட்டுகள் முதலில் காதல் பாட்டாகவோ ஆட்டப் பாட்டாகவோ இருந்தவை. அந்த மெட்டில் இயேசு பிறப்பைப் பற்றிய புதிய சொற்களைப் பொருத்தினார்கள். மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களில் சொற்கள் மட்டும் அச்சாகும். எந்த மெட்டில் பாட வேண்டும் என்று மேலே ஒரு வரி இருக்கும்.

நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று போட்டிருப்பார்களே, அதே முறைதான். தெரிந்த மெட்டில் பக்திப் பாட்டு எழுதும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

அத்தகைய ஒரு நொவெல், ஓர் இளம் கன்னியைப் பற்றியது. அதன் மெட்டும் முன்பு ஓர் உலகியல் பாட்டுக்கு உரியதே. கனடாவுக்குச் சென்ற பிரெஞ்சு மறைபரப்பாளர்கள் வழியாக அங்குள்ள பூர்வகுடி மக்களின் மொழியிலும் அந்த மெட்டு குடியேறியது. ஹ்யூரான் கிறிஸ்துமஸ் கீதம் என்ற பெயரில் கனடாவில் இன்றும் அது பாடப்படுகிறது.

சொல்லின்றிப் பாடும் கருவிகள்

ஷார்பான்டியே நொவெல் மெட்டுகளை எடுத்து இசைக்கருவிகளுக்கு மட்டுமே உரிய சிறு சிறு துண்டுகளாகவும் எழுதினார். புல்லாங்குழல்களும் வயலின் குடும்பக் கருவிகளும் மெட்டை மாறி மாறி எடுத்துச் செல்லும். அடியில் ஆர்கன் போன்ற கருவிகள் சுருதியைத் தாங்கி நிற்கும்.

பாட்டைத் தெரியாதவர்களுக்கு அது இனிய இசை. தெரிந்தவர்களுக்கு அதைவிட மேலானது. கருவி மெட்டைத் தொடங்கியதுமே சொற்கள் மனத்துக்குள் தாமாகவே ஓடும்.

பெரிய அலங்காரம் எதையும் அவர் அவற்றின்மேல் ஏற்றவில்லை. இதே நொவெல் மெட்டுகளைப் பின்னாளில் லூயி குளோத் தக்கேன் போன்ற ஆர்கன் கலைஞர்கள் விரல் வித்தை காட்டும் படைப்புகளாக்கினர். ஷார்பான்டியேயின் கைகளில் அவை இடையரின் பாட்டாகவே இருந்தன. பக்கத்தில் எந்தக் கருவி நின்றால் மெட்டு மேலும் ஒளிரும் என்பதில் மட்டுமே அவர் கவனம் சென்றது.

நள்ளிரவுத் திருப்பலி

1690களில், பெரும்பாலும் 1694ஆம் ஆண்டையொட்டி, அவர் எழுதியதுதான் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கான இசை. இன்று உலகில் மிக அதிகமாகப் பாடப்படும் அவரது படைப்புகளில் அது ஒன்று.

திருப்பலியின் சொற்கள் லத்தீன். சாதாரண மக்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரியாது. ஆனால், மெட்டுகள் அவர்களுடையவை. 11 நொவெல் மெட்டுகளை ஷார்பான்டியே அந்த லத்தீன் சொற்களுக்குப் பொருத்தினார்.

இறைவனிடம் இரக்கம் வேண்டும் முதல் மன்றாட்டு, யோசேப்பின் திருமணத்தைப் பாடும் நொவெல் மெட்டில் தொடங்குகிறது. இறைவனைப் புகழும் அடுத்த பகுதியில், ஷாத்ர் என்ற சிற்றூரின் மக்கள் குழந்தையைக் காணப் புறப்படும் பாட்டின் மெட்டு துள்ளி வருகிறது. காணிக்கை நேரத்தில், மேய்ச்சலில் ஆடுமாடுகளை விட்டுவிட்டு வாருங்கள் என்று இடையர்களை அழைக்கும் பாட்டைக் கருவிகள் மட்டும் வாசிக்கின்றன.

மெட்டைப் பொருத்துவது மட்டும் பெரிய வேலை அல்ல. எங்கே அதை விட வேண்டும் என்று தெரிவதில்தான் அவரது திறமை இருக்கிறது.

இறைவன் மனிதராகப் பிறந்தார் என்று அறிக்கையிடும் இடம் போன்ற சில இடங்களில் ஆட்ட மெட்டு நின்றுவிடுகிறது. ஷார்பான்டியே தம் சொந்த இசையை எழுதுகிறார். வேகம் தணிகிறது. குரல்கள் மெல்ல ஒன்றன்மேல் ஒன்று கவிகின்றன. ரோமில் கற்றது அங்கே வெளிப்படுகிறது. பிறகு மெட்டு மறுபடி வந்து கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது.

தெருவில் பாடிய பாட்டைத் தேவாலயத்துக்குள் கேட்பதில் எந்தத் தாழ்வும் இல்லை என்பதை அவர் வாதாடிச் சொல்லவில்லை. இசையாலேயே காட்டினார்.

ஒரு பெரிய ஓபரா

லூலி மறைந்த ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1693 டிசம்பர் 4ஆம் தேதி, ஷார்பான்டியேயின் 'மெடே' பாரிஸின் அரச இசைக் கழகத்தில் அரங்கேறியது. கணவனால் கைவிடப்பட்டு, பழி வாங்கத் துணியும் பெண்ணின் கதை. உரையாடலை எழுதியவர் தோமா கொர்னேய்.

அப்போது இசையமைப்பாளருக்கு வயது 50. வாழ்நாள் முழுவதும் காத்திருந்த மேடை. ஆனால், அது அதிக நாள் ஓடவில்லை. பொறாமைக்காரர்களின் சூழ்ச்சிதான் அதை வீழ்த்தியது என்று இசை அறிஞர் செபஸ்தியன் டி ப்ரோஸார் கருதினார். லூலியின் இசையிலேயே வளர்ந்த காதுகளுக்கு அந்தப் புதிய ஒலிகள் கரடுமுரடாகப் பட்டதும் ஒரு காரணம்.

அந்தக் கழகத்துக்கு அவர் மறுபடி எழுதவில்லை.

தந்தை நடந்த இடத்தில்

1698இல் அவருக்குக் கடைசியாக ஒரு சிறந்த பதவி கிடைத்தது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பெயர்பெற்ற செயின்ட் ஷாப்பெல் ஆலயத்தின் இசைத் தலைவர் பதவி அது. திருப்பலிக்கு இசை எழுதுவதோடு, ஆலயத்தில் பாடும் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் அதில் அடங்கும்.

அந்த ஆலயம் உயர்நீதி மன்ற வளாகத்துக்குள் உள்ளது. நீதிமன்றம் ஆண்டுதோறும் மீண்டும் கூடும்போது நடக்கும் திருப்பலிக்கும் அவர் இசை எழுதினார். எழுத்தரான தந்தை பழகிய அந்த உலகத்துக்கே மகன் முதுமையில் வந்து சேர்ந்தார்.

அவர் எழுதிய ஒரு விசித்திரமான படைப்பில் அவரே இறந்து ஆவியாகத் திரும்பி வருகிறார். இசை தமக்குச் சிறிது பெருமையையும் பெரும் பாரத்தையுமே தந்தது என்ற கருத்தை அந்த ஆவியின் வாயில் வைத்தார். அதில் கசப்பு இருக்கிறது, கூடவே சிரிப்பும் இருக்கிறது. இசை தெரியாத இசைத் தலைவர் ஒருவரைக் கிண்டல் செய்யவும் அவர் தவறவில்லை.

1704 பிப்ரவரி 24ஆம் தேதி பாரிஸில் ஷார்பான்டியே காலமானார். செயின்ட் ஷாப்பெல் அருகே இருந்த சிறிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த இடுகாடு இன்று இல்லை.

28 தொகுதிகள்

வாழ்நாளில் அவரது இசையில் மிகச் சிறு பகுதியே அச்சேறியது. மற்றவை எல்லாம் அவரது கையெழுத்திலேயே இருந்தன. புத்தக வணிகரான மருமகன் ஜாக் எதுவார் 1709இல் சில பாடல்களை அச்சிட்டுப் பார்த்தார். விற்பனை கைகொடுக்கவில்லை.

1727இல் அந்தக் கையெழுத்துக் குறிப்பேடுகளை மருமகன் மன்னரின் நூலகத்துக்கு விற்றார். 28 தொகுதிகளாக அவை பிரான்சின் தேசிய நூலகத்தில் இன்றும் உள்ளன. அக்காலத்து எத்தனையோ இசையமைப்பாளர்களின் படைப்புகள் சிதறி அழிந்தன. ஷார்பான்டியேயின் 500க்கும் மேற்பட்ட படைப்புகள் தப்பின. எழுத்தர் வீட்டுப் பிள்ளையின் ஒழுங்கு பலன் தந்தது.

20ஆம் நூற்றாண்டில் அந்தத் தொகுதிகள் மறுபடி திறக்கப்பட்டன. அவரது 'தே தேயும்' என்னும் நன்றிப் பாடலின் எக்காள முழக்கம் 1953இல் ஒலிப்பதிவானது. அடுத்த ஆண்டே யூரோவிஷன் ஒளிபரப்புகளின் அடையாள இசையாக அது தேர்வு பெற்றது. பெயர் தெரியாமலேயே கோடிக்கணக்கானோர் அவரது இசையைக் கேட்கத் தொடங்கினர்.

1979இல் பாரிஸில் வில்லியம் கிறிஸ்டி தொடங்கிய பரோக் இசைக் குழு, ஷார்பான்டியேயின் சிறு ஓபரா ஒன்றின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. மேடையிலிருந்து விரைவில் இறங்கிய 'மெடே'யையும் அக்குழு 1980களில் ஒலிப்பதிவு செய்து உலகுக்குத் தந்தது.

ஆயினும், டிசம்பர் மாதம் வரும்போது அதிகமாகப் பாடப்படுவது அந்த நள்ளிரவுத் திருப்பலிதான். பெரிய இசைக் குழுக்களோடு, ஓய்வு நேரத்தில் பாடப் பழகும் சிறிய தேவாலயப் பாடகர் குழுக்களும் அதை எடுத்துப் பாடுகின்றன. பயிற்சி தேவைதான். ஆனால், மெட்டு வாயில் எளிதாக ஏறிக்கொள்கிறது.

பெயர் தெரியாத இடையர்களும் ஊர்மக்களும் பாடிய மெட்டு அல்லவா அது! மன்னரின் ஆலயம் அவருக்கு இடம் தரவில்லை. அந்த மெட்டுகளுக்குள் அவர் தேடிக்கொண்ட இடத்தை இதுவரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.